துக்கத்தில் ஜெபிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: 13-ஆம் சங்கீதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு

வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு முழங்கால் போட்டால் வாய் திறப்பதில்லை. சின்ன வயதிலிருந்து பழகின "ஸ்தோத்திரம் ஆண்டவரே" பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேதத்தைத் திறந்தால் கண் வரிகளின்மேல் ஓடுகிறது, உள்ளே ஒன்றும் இறங்குவதில்லை. இதை விசுவாசக் குறைவு என்று எண்ணித் தங்களையே நொந்துகொள்கிறவர்களை எங்கள் சபையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். அவர்களுக்காகவும், கிறிஸ்தவ ஜெபமே புதிதாக இருக்க ஓர் இழப்பின் நடுவில் முதன்முதலாக வேதத்தைக் கையில் எடுத்திருக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேலை போனவர்கள், தீராத நோயோடு போராடுகிறவர்கள், கடனில் மூச்சு முட்டுகிறவர்கள், எல்லாருக்கும் இந்த வழி உதவும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முறையிடுவதும் ஜெபம். கடவுளிடம் "ஏன்?" என்றும் "எதுவரைக்கும்?" என்றும் கேட்பதற்கு வேதமே நமக்கு வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறது. வேதத்தில் இருக்கிற ஜெபப் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் உள்ள 150 பாட்டுகளில் மற்ற எந்த வகையையும்விட முறையீட்டுப் பாட்டுகள்தான் அதிகம். நம்பிக்கைக்குப் போகும் பாதை அந்த முறையீட்டின் ஊடாகத்தான் போகிறது. அதைத் தாண்டிக் குதித்துப் போக முயன்றவர்கள் திரும்பி வந்து அங்கேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டைகளை, கொண்டு வருவார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் என் கைக்கு வந்தது 91-ஆம் சங்கீதம் 10-ஆம் வசனம்: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." ரோஸ் நிற அட்டை, ஓரத்தில் ஜிகினா. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஆகஸ்டில் என் தம்பி பைக் விபத்தில் போய்விட்டான். 31 வயது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். அட்டை அப்படியே இருந்தது. ஜிகினா மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதற்குப் பிறகு பல வாரம் நான் ஜெபிக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்று சொன்னார்கள். "நல்ல பூவைத்தான் ஆண்டவர் முதலில் பறிப்பார்" என்றார் ஒருவர். "அழாதே, விசுவாசி அழலாமா?" என்றார் இன்னொருவர். ஊரிலிருந்து வந்த பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார், பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், அட்டை கிழிந்த தன் வேதத்தைத் திறந்து மெல்லிய குரலில் வாசித்தார்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" வாசித்துவிட்டு மூடி வைத்தார். விளக்கம் எதுவும் இல்லை. நான் மனசுக்குள் வைத்துக்கொண்டு சொல்லப் பயந்திருந்த வார்த்தை அது. அது வேதத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்கு மூச்சு விட இடம் தந்தது.

முதலில் சாப்பாடும் தூக்கமும்

ஜெபத்துக்கு முன்னால் இதைச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். அவருக்கு வந்த முதல் பதில் பிரசங்கம் இல்லை, கண்டிப்பும் இல்லை. தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்தார். தேவதூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பி, நீ போகவேண்டிய பயணம் வெகுதூரம், எழுந்து சாப்பிடு என்றான். ஓரேப் மலையில் கடவுளுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டது இதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே துக்கத்தின் முதல் நாட்களில் உங்கள் ஜெபம் ஒரு டம்ளர் கஞ்சியாக இருந்தால் போதும். யாராவது சாப்பாடு கொண்டு வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு நாளாகத் தூக்கமில்லாத நிலையில் விடியற்கால ஜெபத்துக்கு அலாரம் வைக்க வேண்டாம். உபவாசம் இருக்கவும் வேண்டாம். அதற்கு வேறு காலம் இருக்கிறது.

எந்த வேதம், எந்த இடம், எவ்வளவு நேரம்

தமிழில் இரண்டு மொழிபெயர்ப்புகள் பரவலாகக் கையில் கிடைக்கும். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் வாசிப்பது 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. கர்த்தர், தேவன், சங்கீதம் என்ற சொற்கள் இதில் வரும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ஆண்டவர், கடவுள், திருப்பாடல் என்று இருக்கும். எது உங்களுக்குப் புரிகிறதோ அதை எடுங்கள். புதியவர்களுக்குத் திருவிவிலியத்தின் நடை எளிதாக இருக்கும். ஆனால் துக்கத்தில் பழைய மொழிபெயர்ப்பின் கனத்த சொற்கள் வேறுவிதமாக வேலை செய்கின்றன என்பது என் அனுபவம். இந்தக் கட்டுரையில் உள்ள வசனங்களை அதிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். ஒரு சின்னக் குறிப்பு: பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். நாம் 130 என்பது அங்கே 129. குழம்ப வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு எங்காவது திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. துக்கத்தில் அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வம்ச அட்டவணை வந்தால் ஏமாற்றமாக இருக்கும், சாப வசனம் வந்தால் அது ராத்திரி முழுக்க மண்டையைக் குடையும். ஒரே ஒரு சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் அதோடேயே இருங்கள். 13-ஆம் சங்கீதத்தை நான் எல்லாருக்கும் முதலில் சொல்லக் காரணம், அது ஆறே வசனம். மனம் ஓடாத நாளிலும் ஆறு வசனம் வாசித்துவிடலாம்.

இடம் ஒன்றாக இருக்கட்டும். மொட்டை மாடியோ, அடுக்களைத் திண்ணையோ, படுக்கை ஓரமோ எதுவானாலும் சரி. நேரம் பத்து நிமிஷம். அதற்கு மேல் போகத் தோன்றினாலும் முதல் வாரத்தில் எழுந்துவிடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். போனை அடுத்த அறையில் வைப்பது நல்லது. வேதம் போனில்தான் இருக்கிறது என்றால் நெட்டை அணைத்துவிடுங்கள். துக்கம் விசாரிக்கிற செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழும்போது எந்த வசனமும் நிற்காது.

வாசிப்பது

சத்தமாக வாசியுங்கள், மெல்லிய சத்தமானாலும் போதும். இவை வாயால் சொல்லப்படுவதற்காகப் பிறந்த பாட்டுகள். முதல் முறை வெறுமனே வாசியுங்கள். இரண்டாம் முறை மெதுவாக. எந்தச் சொல்லில் தொண்டை அடைக்கிறதோ அங்கேயே நில்லுங்கள். அதற்கு மேல் அன்றைக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு முதல் இரண்டு நாளும் முதல் வசனத்தைத் தாண்ட முடியவில்லை.

முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. என்னை மறந்திருப்பது எதுவரைக்கும், முகத்தை மறைப்பது எதுவரைக்கும், நித்தம் நித்தம் சஞ்சலத்தைச் சுமந்து எனக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருப்பது எதுவரைக்கும், சத்துரு என்மேல் உயர்வது எதுவரைக்கும். முதல் இரண்டு கேள்விகள் நேரே கடவுளைக் குற்றம் சாட்டுகின்றன. மூன்றாவது தன் மனசைப் பற்றியது. "என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்ற வரியைக் கவனியுங்கள். அன்றைக்கு அவன் பைக்கை எடுக்காமல் இருந்திருந்தால், நான் ஒரு போன் பண்ணியிருந்தால், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிற அந்தச் சக்கரத்துக்கு இதைவிடச் சரியான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் வசனத்தில் கேட்பது தொடங்குகிறது: "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும், நான் மரணநித்திரை அடையாதபடிக்கு என் கண்களைத் தெளிவாக்கும்." பாரும், கேளும், கண்ணைத் தெளிவாக்கும். மூன்றே விண்ணப்பம். கண் தெளிவது என்றால் என்ன? 1 சாமுவேல் 14-இல் யுத்த நாளில் பட்டினியால் சோர்ந்திருந்த யோனத்தான் கோலின் நுனியைத் தேன்கூட்டில் குத்திக் கொஞ்சம் தேனை வாயில் வைக்கிறான். அவன் கண்கள் தெளிந்தன என்று எழுதியிருக்கிறது. அதே தெளிவைத்தான் இங்கேயும் கேட்கிறார்கள். பெரிய ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. அழுது மங்கிப்போன கண்ணுக்கு அடுத்த அடி தெரிகிற அளவு உயிர் வந்தால் போதும் என்பதுதான் ஜெபம். இப்படிச் சின்னதாகக் கேட்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு ஜெபம் மறுபடி கைக்கு எட்டியது.

நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் ஒன்றும் மாறவில்லை. சத்துரு போகவில்லை, பதில் வரவில்லை. ஆனாலும் ஐந்தாம் வசனம் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன், உம்முடைய இரட்சிப்பினால் என் இருதயம் களிகூரும்" என்கிறது. களிகூர்ந்தது என்று இல்லை, களிகூரும் என்று இருக்கிறது. ஆறாவது வசனத்திலும் பாடுவேன் என்றுதான் வருகிறது, பாடுகிறேன் என்று வரவில்லை. இன்றைக்கு நெஞ்சில் சந்தோஷம் இருப்பதாக நடிக்கச் சொல்லி இந்தச் சங்கீதம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

உங்கள் சொந்த முறையீட்டை எழுதுவது

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நோட்டைத் திறங்கள். சங்கீதம் போன வழியிலேயே நாலைந்து வரி எழுதுங்கள். முதல் வரி அழைப்பு: ஆண்டவரே, கர்த்தாவே, அப்பா, எது வாயில் வருகிறதோ அது. அடுத்தது குறை. அதற்கடுத்தது நீங்கள் கேட்பது. கடைசியாக, சொல்ல முடிந்தால், நம்பிக்கையைப் பற்றி ஒரு வரி.

குறையை எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். "என் துக்கத்தை ஆற்றும்" என்பது அடக்க ஆராதனையில் எல்லாருக்கும் பொருந்துகிற வரி. உங்களுடையது உங்கள் வீட்டு வரியாக இருக்கட்டும். என் நோட்டில் அன்றைக்கு எழுதியது இது:

"ஆண்டவரே, அவன் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அம்மா அதை எடுக்க விடமாட்டேன் என்கிறாள். எதுவரைக்கும்? எனக்குக் கோபமாக இருக்கிறது, உம்மேல்தான் கோபம். இன்று சாயங்காலம் அம்மா ஒரு வாய் சோறு சாப்பிடட்டும். அது போதும்."

அவ்வளவுதான். நம்பிக்கை வரி எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். நீங்களும் தயங்காமல் காலியாக விடுங்கள். பொய்யான ஸ்தோத்திரத்தைவிட வெற்று இடம் மேல். ஒவ்வொரு நாளும் ஒரு முறையீடு எழுதி, கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டு வந்தேன். பல மாதங்கள் கழித்து, எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால்" என்ற ஆறாம் வசனத்தை வாசிக்கும்போது அந்த இடத்தில் "31 வருஷம் அவனை எங்களுக்குத் தந்தீர்" என்று எழுதினேன். அதையும் அழுதுகொண்டேதான் எழுதினேன்.

கோபத்தை எழுதினால் ஆண்டவர் தண்டிப்பாரோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துடித்த யோபுவின் புத்தகத்தில் கடைசி அதிகாரத்தைப் படியுங்கள். கடவுளைக் காப்பாற்றுவதாக நினைத்து அழகாகப் பேசிய சிநேகிதர்கள்மேல்தான் கோபம் மூளுகிறது. புலம்பித் தீர்த்த யோபு நிதானமாய்ப் பேசினான் என்று கர்த்தரே சொல்கிறார். சிலுவையில் இயேசு கூப்பிட்டதும் ஒரு முறையீட்டுச் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22-ஆம் சங்கீதம் அது. அவர் வாயில் வந்த கேள்வி நம் வாயில் வரக்கூடாது என்று யார் சொல்ல முடியும்?

ஒரு வாரம் ஆனதும் அடுத்த சங்கீதத்துக்குப் போகலாம். 42-ஆம் சங்கீதத்தில் ஆள் தன் ஆத்துமாவோடேயே பேசுகிறான், "நீ ஏன் கலங்குகிறாய்?" என்று. தனிமையில் இருப்பவர்களுக்கு அது நல்ல துணை. 6-ஆம் சங்கீதம் படுக்கை நனைய அழுகிறவர்களுக்கு. 23-ஐ எல்லாரும் முதலில் கொடுப்பார்கள், நான் கொஞ்சம் பின்னால் வைப்பேன். அதில் ஒரே ஒரு இடத்தைக் கவனியுங்கள். "அவர் என்னை மேய்க்கிறார், நடத்துகிறார்" என்று மூன்றாம் மனிதரைப்போல் சொல்லி வந்தவர், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்.

நம்பிக்கை வரியே வராத நாட்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது தொடக்கத்திலிருந்து கடைசிவரை இருட்டு. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படி முடிகிற ஒரு பாட்டையும் வேதத்துக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அதையும் ஜெபமாகச் சொல்லலாம். ஆனால் அதைத் தனியாக, ராத்திரியில் வாசிக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, பகலில் வாசியுங்கள்.

காயப்படுத்துகிற வாக்குத்தத்தங்கள்

ஃபிரிட்ஜில் இருந்த அட்டைக்கு வருகிறேன். இது நம் தமிழ்ச் சபைகளில் பலரும் வெளியே சொல்லாமல் சுமக்கிற பாரம் என்று நினைக்கிறேன். வசனம் ஒன்று சொன்னது, வீட்டில் வேறொன்று நடந்தது. அப்போது வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா என்ற கேள்வி வருகிறது.

91-ஆம் சங்கீதம் புதிய ஏற்பாட்டில் யார் வாயில் வருகிறது தெரியுமா? மத்தேயு 4-இல் தேவாலயத்து உப்பரிகையில் நின்று பிசாசானவன் அதன் 11, 12-ஆம் வசனங்களைச் சொல்லி, கீழே குதியும் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. வசனத்தைப் பிய்த்தெடுத்து, இப்படி நடந்தே ஆகவேண்டும் என்று கடவுளைக் கட்டாயப்படுத்துகிற உபயோகத்தை அவர் மறுத்தார். பிறகு சிலுவைக்கும் போனார். பொல்லாப்பு அவருக்கும் நேரிட்டது. அந்தச் சங்கீதத்தை இப்போது நான் வாசிக்கும்போது 15-ஆம் வசனத்தில் நிற்கிறேன்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து". ஆபத்து வராது என்று அந்த வரி சொல்லவில்லை.

எரேமியா 29:11-ஐயும் அப்படியே. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது அழகான வசனம், கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுகிறோம். அதற்கு முந்தின 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைப் பார்க்காமலே அங்கே செத்திருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. நீண்ட காத்திருப்பின் நடுவில் பிழைத்திருக்க வந்த வார்த்தை அது.

காயப்படுத்துகிற அட்டையை என்ன செய்வது? கிழித்துப் போட வேண்டாம். கண் முன்னால் வைத்துக்கொண்டு உங்களை வதைக்கவும் வேண்டாம். வேதத்துக்குள் 89-ஆம் சங்கீதத்தில் செருகி வையுங்கள். அந்தச் சங்கீதம் கடவுளுடைய வாக்கை நீளமாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அவரிடமே, "உமது பூர்வகிருபைகள் எங்கே?" என்று கேட்கிறது. வாக்குத்தத்தத்தை நம்புகிறவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும். என் அட்டை இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ராத்திரிகள்

பகல் எப்படியோ போய்விடும். இரவில்தான் கஷ்டம். தூக்கம் கலைந்து, கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது நீண்ட ஜெபம் வேண்டாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "நோக்கிப்பாரும்". வெறுமனே அது மட்டும். நூறு முறை சொன்னாலும் அது சடங்காகிவிடாது, நெஞ்சு தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் முடியவில்லை என்றால் பெருமூச்சு விடுங்கள். ரோமர் 8:26-இன்படி, நாம் ஏற்றபடி வேண்டத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார். உங்கள் பெருமூச்சு ஏற்கெனவே ஒரு ஜெபத்துக்குள் நடக்கிறது.

130-ஆம் சங்கீதத்தில், விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர், அதாவது இரவுக் காவலர், வருகிறார்கள். அவர்களால் விடியலைச் சீக்கிரம் கொண்டுவர முடியாது. விழித்திருப்பதுதான் அவர்கள் வேலை.

56-ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தையும் மனப்பாடம் செய்து வையுங்கள்: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றதும் கொல்லன் பட்டறையில் காற்று ஊதுவது நினைவுக்கு வரலாம். இங்கே அது தண்ணீரோ திராட்சரசமோ ஊற்றி வைக்கிற தோல் பை. வறண்ட தேசத்தில் பயணம் போகிறவனுக்கு அந்தப் பையில் உள்ள ஒவ்வொரு சொட்டும் முக்கியம். அதில் ஊற்றி வைக்கிற பொருளாக நம் கண்ணீரைச் சங்கீதக்காரர் சொல்கிறார்.

தனியாகச் சுமக்க வேண்டாம்

இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். புத்தி சொல்லாமல் கேட்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், அது மட்டும்தான் தகுதி. உங்களால் ஜெபிக்க முடியாத நாளில் "எனக்காக 13-ஆம் சங்கீதத்தை வாசித்துவிடு" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். ஞாயிறு ஆராதனையில் பாட முடியவில்லை என்றால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஆராதனைதான். ஆராதனை முடியும் முன்பே எழுந்து வந்தாலும் பரவாயில்லை.

"நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை" என்று அப்போஸ்தலன் பவுல் 1 தெசலோனிக்கேயர் 4:13-இல் எழுதியதைக் காட்டி உங்களை அழ விடாமல் தடுக்கிறவர்கள் வருவார்கள். துக்கப்படாதே என்று பவுல் அங்கே சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்கள் துக்கப்படும் விதத்தைத்தான் விலக்குகிறார். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமருக்கு எழுதினதும் அவரே. இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். எரேமியா 9:17-இல் கர்த்தரே புலம்பற்காரிகளை அழைத்து வரச் சொல்கிறார். நம் ஊர்ப் பாட்டிகள் துக்க வீட்டில் ஒப்பாரி வைத்தபோது, அது கிறிஸ்தவத்துக்கு ஆகாது என்று அடக்கியவர்கள் இந்த வசனத்தைப் பார்த்திருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

நீங்கள் துக்கம் விசாரிக்கப் போகிறவராக இருந்தால், யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியத்தைச் செய்யுங்கள். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எழுந்து குளிக்கவும் முடியவில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. எலியாவுக்குத் தேவதூதன் அடை கொண்டுவந்தான் அல்லவா? மாத்திரையும் ஆலோசனையும் அப்படி வரலாம். அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அவரோடு பேச்சை வளர்க்காதீர்கள்.

முதல் வருஷம்

முதல் கிறிஸ்துமஸ், முதல் பிறந்தநாள், முதல் நினைவு நாள் ஆகிய மூன்றும் முன்கூட்டியே திட்டம் போட வேண்டிய நாட்கள். அந்த நாள் வந்த பிறகு என்ன செய்வது என்று யோசித்தால் துக்கம் நம்மை அடித்துக்கொண்டு போய்விடும். யார் வீட்டில் சாப்பாடு, எந்த நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது, என்ன வாசிப்பது என்பதை ஒரு வாரம் முன்பே எழுதி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஸ்டார் கட்ட மனசில்லை என்றால் கட்ட வேண்டாம். குழந்தைகள் கேட்டால் சின்னதாக ஒன்று கட்டுங்கள்.

நினைவு நாளுக்குப் புலம்பல் 3-ஆம் அதிகாரம் நன்றாக இருக்கும். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற 23-ஆம் வசனம் எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் வாசிக்காமல் முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுந்த பாட்டு அது. எபிரெய அகரவரிசைப்படி, ஓர் எழுத்துக்கு மூன்று வசனமாக, 66 வசனம். துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்லித் தீர்ப்பதுபோல. இரக்கத்தைப் பற்றிய அந்த வரிகள் அதன் நடுப்பகுதியில் வருகின்றன. அதற்குப் பிறகும் கண்ணீர் தொடர்கிறது.

நாங்கள் முதல் வருஷம் கல்லறையில் அப்படித்தான் வாசித்தோம். பெரியம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் நான் வாசித்தேன். 20-ஆம் வசனத்தில் என் குரல் உடைந்தது. அம்மா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடி இல்லாமல், எழுத்துக் கூட்டி, மீதியை வாசித்தாள்.